தட்டாமல் வந்தது

திங்கட்கிழமை நீலம்.
செவ்வாய், புதன் கறுப்பு, பள்ளிச் சீருடைக்கு.
ரக்பி பருவம் வந்தால் ஒரு பச்சை.
எங்கள் ஆலையின் அட்டவணையை
பைன்டவுனுக்குக் கீழே குடியிருந்தவர்கள்
ஓடையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

பத்தொன்பது வருஷம், மூன்றாம் சாயத்தொட்டி.
என் கல்யாண போட்டோவிலும்
நகக்கண் நீலம்தான்.
ஓடையில் என்ன வாழ்கிறது என்று
யாரும் கேட்டதில்லை.
ராத்திரி ஷிஃப்டில்
வடிகுழாயைத் திறந்துவிட்ட கைகளில்
இந்த இரண்டும் உண்டு.

போன மார்ச்சில் மூடினார்கள்.
இருநூற்றுப் பதினொரு பேர்.
குபேந்திரன் படையாச்சி கேட்டில் நின்று
பெயர் வாசித்தான்,
தன் பெயரைக் கடைசியாக.

இப்போது ஜபுலிலேவுக்கு
வெள்ளைத் தட்டு பிடிக்கிறேன்.
நாளுக்கு இருநூறு ரேண்ட், மதியம் ரொட்டி.
ரப்பர் பூட்ஸோடு இறங்கி
கல்லைப் புரட்டுவாள், வலையை உதறுவாள்.
துரும்பென்று நான் வழிக்கப் போனதை
"பொறு, அது நடக்கும்" என்றாள்.
நடந்தது.
கடுகளவு தலை.
வால் முனையில் மூன்று இலை.
ஊசித்தட்டானின் குஞ்சு,
எட்டு வருஷத்தில் இதுதான் முதல் என்று
தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.
சந்தோஷத்தில் என் தோளைத் தட்டினாள்.
நான் எந்த ஆலை என்று
அவள் கேட்கவில்லை.

அப்புறம் நாணலில் ஒன்று வந்து உட்கார்ந்தது,
தையல் ஊசிக்கு
வெங்காயச் சருகில் இறக்கை வைத்தாற்போல.
உடம்பெல்லாம் நீலம்.
எனக்குத் தெரிந்த நீலம்.
இரண்டாம் முறை உப்புப் போட்டதும்
தொட்டியில் ஒரு நிமிஷம் தோன்றும்,
துணியில் ஒருநாளும் நின்றதில்லை.
அதற்காக ஃபோர்மேனிடம்
எத்தனை திட்டு வாங்கியிருப்பேன்.
இதற்கு யார் போட்டது உப்பு?

தட்டான்.
பெயரிலேயே இருக்கிறது,
கதவைத் தட்டான்.
நாங்கள் கடைசி ஆள்வரை வெளியேறி
பூட்டுத் தொங்கும்வரை
எங்கோ மேலே, ஏதோ சுனையில் இருந்துவிட்டு
சொல்லாமல் வந்து குடியேறிவிட்டான்.
கோபப்படலாமா என்று பார்த்தேன்.
இரண்டு அங்குலம்கூட இல்லை.

இன்று காலை குபேந்திரன் போன் பண்ணினான்.
ஆலையை யாரோ வாங்குகிறார்களாம்,
பழைய ஆட்களுக்கே முதலிடமாம்.
பெயர் கொடுத்துவிட்டேன்.

"பறப்பது எத்தனை?"
கரையிலிருந்து ஜபுலிலே, பேனாவோடு.

அது எழும்பி, தண்ணீரை ஒரு சுற்றுச் சுற்றி
அதே நாணலில் அமர்ந்தது.

இரண்டு என்றேன்.