அப்படியே எழுதவும்

படிவம் எண் பதினேழு.
ஒரு பாதி அரபி, ஒரு பாதி ஆங்கிலம்.
பெயர்: ஜெபசீலி தங்கத்துரை.
அவசரப் பிரிவு, ஜுபைல்.
நேரம்: பகல் இரண்டு ஐம்பது.
சம்பவ வகை: வாய்மொழி, உடல்ரீதி, பொருள் எறிதல்,
ஏதேனும் ஒன்றில் டிக் செய்யவும்.
மூன்றும் நடக்கும் என்று
படிவம் அடித்தவருக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட்.
குழாயில் வருவதே தேநீருக்கு ஆகும் சூடு.
சாரத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்த பையனுக்கு
நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.
கக்கத்தில் ஐஸ் வைக்கும்போது
என் முன்கையைக் கடித்தான்.
அதை நான் எழுதவில்லை.
யாரைக் கடிக்கிறோம் என்று அவனுக்கே தெரியாது.
கடித்தது வெயில்.
மருந்து போட்டுக்கொண்டேன்.

எழுத வேண்டியது அவன் பின்னால் வந்தவரை.
இஸ்திரி கலையாத சட்டை, கையில் இரண்டு போன்.
முதலில் இந்தியில் கேட்டார்.
என் பெயர் அட்டையைப் படித்ததும்
தமிழுக்கு மாறினார், சொந்தக்காரரைப் போல.
"ஒரு ட்ரிப் ஏத்தி விடுங்க சிஸ்டர்,
காலைல ஆள் வேணும்."
ஐசியூவுக்குப் போகிறான் என்றேன்.
"நம்ம ஊர்க்காரியா இருந்துக்கிட்டு" என்று தொடங்கிய வாக்கியம்
எங்கே போய் முடிந்தது என்பதுதான்
ஐந்தாம் கேள்வி.

ஸ்டேப்ளர் பறந்தது.
மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார்.
கதவு அவர் முதுகுக்குப் பின்னால்.
என் முதுகுக்குப் பின்னால் சுவர்,
சுவரில் கை கழுவும் முறை, படங்களுடன்.
மூன்று மாடிக்கு ஒரே காவலாளி,
தேக் பகதூர்
அப்போது இரண்டாவது மாடியில் இருந்தார்.

கேள்வி ஐந்து:
பயன்படுத்திய வார்த்தைகளை அப்படியே எழுதவும்.

பதினோரு மொழி புழங்கும் அறை அது.
அந்தச் சொல் புரிந்தவர்கள் இரண்டே பேர்,
சொன்னவரும் நானும்.
மற்றவர்களுக்கு அது கொஞ்சம் சத்தம்.
ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன்.
துவைத்து மடித்து வைத்தது போல
மரியாதையாகக் கிடந்தது.
இதற்கா கை இன்னும் நடுங்குகிறது?
அடித்துவிட்டுத் தமிழிலேயே எழுதினேன்.
ஐந்து எழுத்து, பிழையில்லாமல்.
இங்கே வந்த ஆறு வருஷத்தில்
பேனா பிடித்து நான் எழுதிய முதல் தமிழ்.

தரப்பிரிவு மேடம் கண்ணாடியை உயர்த்தினார்.
இதை யார் வாசிப்பது?
வாசிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள் என்றேன்.
"மாதம் முந்நூறு பேர் அந்தக் கம்பெனியிலிருந்து
மெடிக்கலுக்கு வருகிறார்கள், சிஸ்டர்…"
அதற்குமேல் அவர் சொல்லவில்லை.
என் இகாமாவைப் பற்றி யாரும் பேசவில்லை.
பேசாததும் கேட்டது.

கேள்வி ஒன்பது:
இதை நீங்கள் தவிர்த்திருக்க முடியுமா?
முடியும்.
அந்தப் பையனை எழுப்பி வேலைக்கு அனுப்பியிருந்தால்.

சாட்சி: அப்துல் மொமின், துப்புரவு.
வங்காளத்தில் எழுதியதை
யாரோ அடியில் ஆங்கிலமாக்கியிருந்தார்கள்.
"சொல் புரியவில்லை. சிஸ்டர் முகத்தைப் பார்த்தேன்.
மாப்பைப் போட்டுவிட்டு நடுவில் போய் நின்றேன்."
அவன் தோளில் விழுந்த அடிக்குப் படிவம் கிடையாது.
அவன் காண்ட்ராக்ட் ஆள்.

கடைசிக் கட்டம், பரிந்துரைகள். அரை விரல் இடம்.
மேசையைத் திருப்பிப் போடவும், என்று எழுதினேன்.
எனக்கும் கதவுக்கும் நடுவில்
யாரும் நிற்கும்படி இருக்கக் கூடாது.
பராமரிப்புப் பிரிவின் ஒப்புதல் வர
ஆறு வாரம் ஆகுமாம்.

மாலை ஆறேகால்.
டோக்கன் அறுபத்தெட்டு போய்விட்டது.
மொமின் ஒரு முனை, நான் ஒரு முனை.
இரும்பு மேசை கத்திக்கொண்டே நகர்ந்தது.
பழைய கால்கள் இருந்த இடத்தில்
நான்கு வெள்ளை வட்டம்.
தேய்த்துப் பார்த்தான், போகவில்லை.
விடு என்றேன்.

நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
ஐசியூவிலிருந்து போன்:
முப்பத்தெட்டு புள்ளி நாலு, தண்ணீர் கேட்கிறான்.

அறுபத்தொன்பது, என்று கூப்பிட்டேன்.