கடன் வாங்கிய பத்து

அறுபத்து மூன்று மூட்டை. இருபத்தெட்டு லாரியில் ஏறிவிட்டது.
கொள்முதல் நிலையத்தில் மிச்சம் எத்தனை?

இவை ஜூன் மாதத் தாள்கள்.
சோழசூடாமணியில் அப்போது தண்ணீர் வரவில்லை.
மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் நானும் நடத்தவில்லை.

ஜோவிதா அறுபத்து மூன்று கோடு கிழித்திருக்கிறாள்.
இருபத்தெட்டை அடித்து, மீதியை எண்ணி,
நடுவே ஒன்றைத் தவறவிட்டு, முப்பத்து நான்கு.
இளவழுதி தாளில் விடை மட்டும்.
எப்படிடா என்றேன்.
"இருபத்தெட்டோட ரெண்டு, முப்பது.
இன்னொரு முப்பது, அறுபது. அப்புறம் மூணு."
குடவாசல் பஸ்ஸில் கண்டக்டர்
சில்லறை எண்ணித் தருகிற வேகம்.
பர்வின் முப்பதாகவே ஏற்றிவிட்டாள்.
"ரெண்டு மூட்டை கூடப் போயிடுச்சு டீச்சர்" என்று
இரண்டை மட்டும் இறக்கி வைத்தாள்.

இருபத்திரண்டு பேரிடம் ஒன்பது வழி.
அதில் நான்கு எனக்கே தெரியாதவை.

பிறகு நடத்தினேன்.
ஒன்றுக்கு ஒரு கட்டம், பத்துக்கு ஒரு கட்டம்,
போதாவிட்டால் பக்கத்து வீட்டில் கடன்.
"வாங்கினதை எப்பத் திருப்பித் தரணும்?"
பர்வின்தான் கேட்டாள். அவள் தெருவில்
செவ்வாய்தோறும் குழுக் கடனுக்கு ஆள் வருவார்.
தர வேண்டியதில்லை என்றேன்.
வகுப்பில் யாரும் நம்பவில்லை.

இவை நவம்பர் தாள்கள். ஓட்டில் மழை.
இருபத்திரண்டிலும் ஒரே கட்டம்,
இயந்திரம் நட்ட வயல்போல.

ஜோவிதா சரி. கோடுகள் போய்விட்டன.
நானூற்று ஆறில் நூற்றெழுபத்தொன்பதைக் கொடுத்தாலும்
இப்போது அசராமல் போடுவாள்.
அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

இளவழுதி: நாற்பத்தைந்து.
மூன்றில் எட்டுப் போகாது,
அதனால் எட்டில் மூன்றை எடுத்திருக்கிறான்.
அடிக்கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது.
தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு
அதே மூட்டைகளை வாயால் கேட்டேன்.
"முப்பத்தஞ்சு."
அப்போ இது?
எட்டிப் பார்த்தான்.
"அது பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர்."

கடைசித் தாள் பர்வினுடையது.
ஆறை அடித்து ஐந்து, மூன்றின் தலையில் ஒன்று,
முப்பத்தைந்து. குறை சொல்ல ஒன்றுமில்லை.
ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் மட்டும்
ஓரத்தில் அழித்த பென்சில் தெரிகிறது:
முப்பது ஏறி, இரண்டு இறங்கிய தடம்.
முதலில் போட்டதா, கடைசியில் சரிபார்த்ததா,
தெரியவில்லை.
ரப்பர் தேய்த்த இடத்தில்
தாள் மெலிந்திருக்கிறது.