பிழை திருத்தம்

திருக்கோயில் பஸ்ஸில்
கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள் அக்கா
என் புத்தகத்தை, எனக்கே.
சீனிப் பையில் சுற்றிச் சணல் கட்டி.
ஓரமெல்லாம் நீல மை.

ஏழாம் அத்தியாயத்தில்
வெள்ளை இடமே மிச்சமில்லை.
படலைக்கு அப்போது பூட்டுக் கிடையாது.
நேசன் உடுத்திருந்தது சாரம்.
சைக்கிள் சிவப்பில்லை, கறுப்பு.
எங்கட சைக்கிளுமில்லை.

நான் எழுதியிருந்தேன்:
மழை பெய்துகொண்டிருந்தது.
நான் படலையைப் பிடித்தபடி நின்றேன்.
ஜீப்பில் ஏறுமுன் அண்ணன்
திரும்பி என்னைப் பார்த்தான்.
மூன்று வசனத்துக்கும் சேர்த்து ஒரே வெட்டு.
கீழே:
'ஆவணியில எங்கடா மழை?
நிண்டது நான்.'

இது நாவல் அக்கா, என்றேன் ஃபோனில்.
'நாவலெண்டா ஏன் ஆரையம்பதி?
ஏன் எங்கட ஒழுங்கை? ஏன் நேசனெண்ட பேர்?
பேரை மாத்தியிருந்தா நான் சும்மா இருந்திருப்பன்.
பேரை விட்டுட்டு
என்னைத்தானே மாத்தியிருக்காய்.'

நானும் விடவில்லை.
நாலு மணி என்று திருத்தியிருக்கிறாயே,
அது மட்டும் எப்படித் தெரியும்?
'சத்தியக் கடதாசியில கிடக்கு.'

அந்த நாலு மணியை எனக்குத் தெரியும்.
கச்சேரியில்
படிவத்தின் ஒரு பெட்டி காலியாய்க் கிடக்க
கிளார்க் பேனையால் மேசையைத் தட்டத் தட்ட
அவர் தலைக்கு மேல் சுவரில் தொங்கிய
மணிக்கூட்டைப் பார்த்து
அம்மா சொன்ன நாலு மணி.
சமாதான நீதவான் முத்திரை குத்திய நாலு மணி.
அதன் பிறகு எங்கள் வீட்டில்
அவனை எப்போதும் நாலு மணிக்குத்தான் கொண்டுபோனார்கள்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவளுக்குப் பின்னால் கடல் கேட்டது.
'அது தாள் கேட்டது,' என்றாள் மறுகா.
'உன்னை ஆர் கேட்டது?'

பிறகு, கோபமில்லாமல்:
'அண்டைக்கு நீ எழும்பவேயில்ல.
நூத்தி மூண்டு காய்ச்சல்.
துணிய நனைச்சி நனைச்சி நெத்தியில போட்டன்.
தண்ணி உன்ட காதுக்குள்ள வடிஞ்சது.
துடைக்கக் குனியக்குள்ளதான்
ஜீப் சத்தம் கேட்டு ஓடினன்.'

நான் காதைத் தொட்டுப் பார்த்தேன்.

சைக்கிள் மீராலெவ்வைக் காக்காவுடையது.
காத்தான்குடியிலிருந்து துணி கொண்டுவருபவர்.
சித்திரையில் நேசன் வாங்கிய இரவல்.
'அவரை ஏன் விட்டாய்?' என்று
பக்கத்தின் அடியில் சின்னதாய் எழுதியிருந்தாள்.
மறக்கவில்லை.
அவரைச் சேர்த்தால்
அந்த ஆவணி முழுவதையும் சொல்ல வேண்டும்.
அத்தியாயமோ பதினொரு பக்கம்.
சைக்கிளைக் கேட்டு அவர் வரவேயில்லை.
வரக்கூடியதாய் இருந்தாரா என்று
நாங்களும் போய்க் கேட்கவில்லை.
துருப்பிடிக்கும் வரை மாட்டுக் கொட்டிலில் நின்றது.
சிவப்பென்று எழுதியபோது
அது யாருடையதும் இல்லாமல் போனது,
எனக்கு வசதியாய்.

கால் தாளில் அடித்துத் தருகிறேன் என்றார்
திருமலை வீதி அச்சகக்காரர்.
விற்காத பிரதி நூற்றி எண்பத்தி இரண்டு,
எல்லாவற்றுக்குள்ளும் ஒட்டலாம்.

பக்கம் 61, வரி 4:
சிவப்பு என்பதைக் கறுப்பு எனத் திருத்தி வாசிக்கவும்.
பக்கம் 61, வரி 5:
எங்கள் என்பதை மீராலெவ்வையின் என வாசிக்கவும்.
பக்கம் 63 முழுவதும்
நான் என வருமிடமெல்லாம்
திலகேஸ்வரி.
பக்கம் 63, கடைசி வரி,
'திரும்பி என்னைப் பார்த்தான்': நீக்குக.

உன்னையாவது பார்த்தானா என்று கேட்டிருந்தேன்.
அதற்குத்தான் ஃபோனை வைத்தாள்.

அச்சகத்திலிருந்து இரண்டு தரம் அழைத்துவிட்டார்கள்.
வெளியே கச்சான் காற்று,
முற்றத்து மணல் வெந்துபோய்க் கிடக்கிறது.
பக்கம் 62, வரி 1:
மழை என்பதை