ஒரு முடியின் கண்டிப்பு

சோலிங்கனில், வுப்பர் ஆற்றுக்கு மேலே,
மூன்றாம் மாடிப் பட்டறையில்
எனக்கு எண் போட்ட கற்கள்.
ஆயிரம், ஐயாயிரம், எண்ணாயிரம்.
தொழிற்சாலையில் சுட்டவை, பாளம் போல் கச்சிதம்.
ஒன்று தேய்ந்தால் அதே எண்ணில் இன்னொன்று வரும்,
அதே குணத்தோடு, அட்டைப்பெட்டியில்.

ஆன்னெக்ரெட்டுக்கு ஒரே கல்.
பெல்ஜியத்து மலையில் வெட்டியது.
பழைய வெண்ணெய் நிறம், அடியில் நீலப் படிவு.
எண் கிடையாது.
உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோமேதகப் பொடி.
சின்னக் கல்லொன்றால் தேய்த்து அதில் பால் கிளப்புவாள்,
சொட்டுச் சொட்டாக அந்தப் பாலை நீராக்குவாள்.
சில நாள் நாலு சொட்டு கேட்கும், சில நாள் ஆறு.
"இன்றைக்கு அதற்கு மனசில்லை" என்பாள்.
கல்லுக்கு ஏது மனசு என்று நான் கேட்டதில்லை.
எட்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தால்
கேட்கக் கூடாதவை தெரிந்துவிடும்.

சவரக்கத்தியைப் படுக்கப் போட வேண்டும்.
முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொட,
வாய் முன்னால் போக வேண்டும்.
திரும்பும்போது முதுகின் மேல் புரள வேண்டும்.
வாயின் மேல் புரண்டால்
காலையிலிருந்து செய்ததெல்லாம் போச்சு.
வீட்டுச் சண்டையிலும் இதைக் கடைப்பிடிக்கப் பார்க்கிறேன்.
முடிவதில்லை.

கடைசியில் சோதனை.
தீட்டின மரத்தில் கூர் பார்க்கலாகாது என்பார்கள்.
இவளோ தீட்டிய கையாலேயே
தன் தலையில் ஒரு முடி பிடுங்குவாள்.
வேர்ப்பக்கம் பிடித்து,
தொங்கும் நுனியைக் கத்தியின் வாயில் இறக்குவாள்.
டிக்.
சத்தம் வந்தால் பெட்டிக்கு. வராவிட்டால் கல்லுக்கு.
சிலந்தியும் நூற்க யோசிக்கும் மெல்லிசு
அவள் முடி.

பிப்ரவரியில் அவளுக்கு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.
மார்ச்சில் பச்சைத் தொப்பியோடு வந்தாள்,
செவ்வாயும் வியாழனும் மட்டும்.
"கொட்டியதைச் சேர்த்து வைத்திருக்கலாமே"
என்று போகுமில் உளறிவிட்டு
ஒரு நாள் முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை.
அவள்தான் சமாதானம் சொன்னாள்:
"உதிர்ந்த முடி பொய் சொல்லும், போகுமில்."

ஸெர்பில் தன் பின்னலை அவிழ்த்து
"வேண்டிய மட்டும் எடு" என்றாள்.
கன்னங்கறுப்பு. கிடார் தந்திக்குப் பக்கத்துத் தடிமன்.
அந்த வாரம் எல்லாக் கத்தியும் தேறியது,
நாற்பதுக்கு நாற்பது.
நான் கைதட்டப் போனேன்.
வகுப்பில் அத்தனை பேரும் நூறு வாங்கிவிட்ட
கணக்கு வாத்தியார் போல
ஆன்னெக்ரெட் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"உன் முடிக்கு இளகிய மனசு, ஸெர்பில்.
எல்லோரையும் பாஸ் போட்டுவிடுகிறது."

பிறகு என் நரை. பிறகு போகுமிலின் மீசை.
ஏப்ரலில் ஆறு கத்திகள் திரும்பி வந்தன,
தாடையில் இழுக்கிறதாம்.
அவற்றை இழுப்பறையில் எண்ணெய் தடவி வைத்தாள்.
யாரும் தொடக் கூடாது என்றாள்.
எதற்கு என்று சொல்லவில்லை.

அக்டோபரில் தொப்பி இல்லை.
சாம்பல் நிறம். அதில் சுருள் வேறு,
முன்பு ஒருநாளும் இல்லாத சுருள்.
இரண்டு விரலால் பிடிக்கத் தக்க நீளம்.
பிடுங்கப் போன கையை ஸெர்பில் எட்டிப் பிடித்தாள்.
எட்டு மாதமாகக் காத்திருந்தது அல்லவா.
ஆன்னெக்ரெட் பிடுங்கியே விட்டாள்.

இழுப்பறையிலிருந்து முதல் கத்தி.
முடி வாயில் இறங்கியது.
வளைந்தது. வழுக்கி அந்தப் பக்கம் போனது.
சத்தமில்லை.

இன்னொரு முறை.
அறை முழுக்க மூச்சடக்கி நின்றோம்.
கீழே பேருந்து கதவு மூடியது மட்டும் கேட்டது.

"தேறவில்லை" என்றாள்.
அப்படியொரு சிரிப்பை அவள் முகத்தில் நான் கண்டதில்லை.
"தேறவே இல்லை!"

மஞ்சள் கல்லில் மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டாள்,
கொஞ்சம் யோசித்து நாலாவது.
வாய் முன்னால் போனது.