மூன்றாவது தட்டு

புதன்கிழமை பதினொன்றே காலுக்கு
மின்தூக்கி ஒன்பதாம் மாடியில் நிற்கும்.
சக்கரக்கூடை ஒன்று கிரீச்சிடும்.
ஒரு சக்கரம் மட்டும். இடப்பக்கம்.
எண்ணெய் போடுங்கள் என்று இரண்டு வருஷம் சொன்னேன்.
"சத்தம் கேட்டால்தானே சட்டை மாட்டுவீர்கள்" என்றார்
மனோரஞ்சிதம் டீச்சர்.

நான் அவரிடம் படித்தவன் இல்லை.
பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில்
பாரந்தூக்கி ஓட்டியவன்.
எனக்கு எழுபத்தொன்று, அவருக்கு எழுபத்தெட்டு.
மூத்தவர் சுமந்துவர இளையவன் தின்பதா என்ற வெட்கத்தில்
முதல் தட்டுக்குத் திறக்க மாட்டேன்.
இரண்டாவதற்கும்.
மூன்றாவது பலமாக விழும்,
பின்வரிசைப் பேச்சை அடக்க
மேசையில் டஸ்டரால் அடிப்பதுபோல்.
திறப்பேன்.

கம்பிக்கதவின் இடைவெளியில் பொட்டலம் நுழையாது,
சாய்த்தால் ரசம் சிந்தும்.
பூட்டைத் திறந்தாக வேண்டும்.
திறந்தால் முகம் பார்த்தாக வேண்டும்.
அதற்காகவேதான் எனக்கு ரசம் போடச் சொன்னாரோ என்று
இப்போது தோன்றுகிறது.

உப்பில்லை என்பேன்.
"உங்கள் பங்கு உப்பைப் போன வருஷமே தின்றுவிட்டீர்கள்."
சோறு குழைந்திருக்கிறது என்பேன்.
"பல்லைக் காட்டுங்கள், பதில் சொல்கிறேன்."

முப்பத்து நான்கு ஆண்டு கணக்கு நோட்டு திருத்திய கை.
பட்டியலில் என்னை யாரோ
மருதமுட்டு என்று அடித்திருந்தார்கள்.
சிவப்பு மையில் ஒரு கோடு, மேலே மருதமுத்து,
பக்கத்தில் சின்னதாக ஒரு சரி.
ஆயுளில் நான் வாங்கிய ஒரே சரி.

அப்புறம் ஒரு புதன்
பன்னிரண்டாகியும் சக்கரம் வரவில்லை.

தோ பாயோவில் அவர் புளோக்கின் கீழ்த்தளம்.
சிவப்பு நாற்காலிகள், சுழலும் விசிறிகள்.
எட்டு மாதத்தில் நான் பேருந்து ஏறியது அன்றுதான்.
ரொட்டி பராட்டாவைக் கிழித்துப்
பின்னம் சொல்லிக்கொடுத்தார் என்று
நரைத்த மாணவர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்,
அரை, கால், அரைக்கால் எனக் கையைக் கிழித்துக் காட்டி.
ஓரத்தில் ஒரு சீனப் பாட்டி
ஹொக்கியனில் எதையோ முணுமுணுத்து அழுதார்.
ஒரு சொல்லும் விளங்கவில்லை.
அவரும் புதன்கிழமைக்காரர் என்பது மட்டும் விளங்கியது.

பெட்டிப் பானம் நீட்டினான் பேரன்.
ஒன்பது வயதிருக்கும்.
"நீங்க யாரு?"
புதன்கிழமை சாப்பாடு, என்றேன்.
கொஞ்சம் யோசித்தான்.
"புதன்கிழமை அவங்க எங்களுக்குக் கிடையாது.
என் நாடகம் புதன்கிழமை வந்துச்சு. மரமா நடிச்சேன்.
அவங்க வரல."
குறை சொல்லவில்லை, கணக்குச் சொன்னான்.
அந்த வீட்டுப் பிள்ளை.

பெட்டி கையில் வியர்த்தது. குடிக்க முடியவில்லை.
நான் குறைசொல்லிக் குறைசொல்லிக் குடித்த ரசத்தில்
ஒரு சிறுவன் மரமாக நின்றுகொண்டிருந்திருக்கிறான்,
வாசலைப் பார்த்தபடி.

இன்று புதன்.
ஒரு சத்தமும் இல்லாமல்
கதவில் ஒரு தட்டு.
பனியனோடு நிற்கிறேன்.
இரண்டு.
துவாரத்தில் பார்த்தேன்: சின்னப் பெண்,
பாலிடெக்னிக் அட்டை கழுத்தில், அதே கூடை.
போய்விடுவாள் என்று நினைத்தேன்.
தாள் புரளும் ஓசை.
எழுத்துக்கூட்டித் தனக்குத்தானே வாசிக்கிறாள்:

"மருதமுத்து. வீட்டில்தான் இருப்பார்.
இரண்டுக்குத் திறக்க மாட்டார்.
மூன்றாவதைப் பலமாகத் தட்டவும்.
உப்பு கேட்பார், கொடுக்காதீர்கள்.
சட்டை மாட்ட நேரம் கொடுங்கள்."

கொடுத்தாள். நின்றாள்.
பொத்தான்தான் துளைக்குள் போக மறுத்தது.

மூன்றாவது தட்டு
அவள் விரலுக்குப் பலமானதுதான்,
எனக்கு மெல்லியது.
திறந்தேன்.
பொட்டலத்தை நான் பார்க்கவில்லை.

அந்தச் சக்கரத்துக்கு
யாரம்மா எண்ணெய் போட்டது?