மணிக்கட்டின் சாட்சியம்

ஓல்டாமில் பனி இறுகிய ஒரு செவ்வாய்க்கிழமை
கோழி வாங்கிய பையோடு வழுக்கி
கையூன்றி விழுந்தேன்.
கை முறிந்தது. பை கிழியவில்லை.

கட்டுப் பிரித்ததும் ஸ்கேன் அறைக்கு அனுப்பினார்கள்.
"அசையாதீங்க, லுத்ஃபா" என்றாள் நர்ஸ்.
அசைந்ததே இல்லை மகளே,
இந்தக் கையை நீட்டச் சொன்ன எவர் முன்னும்.

டாக்காவில், விசா அதிகாரிகள் அனுப்பிய ஆஸ்பத்திரியில்
குளிர்ந்த தகட்டின்மேல் இதை முதன்முதல் வைத்தபோது
எனக்கு வயது பதினாலு.
அம்மா சொன்னது பதினாலு,
பள்ளிக்கூடச் சீட்டு சொன்னது பதினாலு.
எலும்பு பதினொன்று என்றது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால்
அப்பா இந்த ஊர் நூற்பாலையில்
இரவு ஷிப்டில் நின்றுகொண்டிருந்தார்.
சம்பளச் சீட்டு உண்டு, முத்திரை உண்டு.
ஆக
நான் அவருக்குப் பிறந்தவள் இல்லை.

கூட்டல் கழித்தலில் பிழையில்லை.
அந்த மூன்று வருஷம் எங்கே போயிற்று என்றுதான்
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
ஒன்று, வெள்ளம் வடிந்தபின் வந்த பேதியில் போனது.
ஒன்று, அரிசி கண்ணில் படாத ஆண்டில்
வாழைத்தண்டு வேகவைத்த தண்ணீரோடு போனது.
மூன்றாவது எனக்கே தெரியாது.
குடல்பூச்சியாக இருக்கலாம்,
காய்ச்சலாக இருக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம் கேட்ட கேள்வியை
இங்கே சொல்லமாட்டேன்.
அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.
ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலும்
வாயிலிருந்து அதை எடுக்கவில்லை.

நாலு வயது ஜேபுவின் கையை
யாரும் படம்பிடிக்கவில்லை.
அப்பா வந்துபோன வருஷத்தோடு
அவள் ஒத்துப்போனாள்.
அவர்கள் விமானம் ஏறினார்கள்.
நான் சித்தப்பா வீட்டில்
ஒன்பது வருஷம் பாத்திரம் துலக்கினேன்.
பதினாறு முடிந்துதான் பெரியவளானேன்.
கடிதத்தில் எழுதுகிற சங்கதியா அது?

பிறகு,
மகளாக நுழைய முடியாத ஊருக்குள்
ஒருவரின் மனைவியாக நுழைந்தேன்.
அப்போது எலும்பிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

மான்செஸ்டர் விமான நிலையத்தில்
என்னைக் குனிந்து கட்டிக்கொண்ட நெட்டைப் பெண் யாரென்று
ஒரு நிமிஷம் புரியவில்லை.
ஜேபு. பதின்மூன்று வயது.
பதினொன்றிலேயே சமைந்துவிட்டாளாம்.
காரின் பின்சீட்டில் அம்மா அதைக் கிசுகிசுத்தபோது
திருட்டுப்போன சாமானைப் பற்றிச் சொல்வது போலிருந்தது.
ஒரே வயிறு.
ஒரே அப்பா.
இதைச் சத்தமாகவே சொல்கிறேன்.

உயரம் மட்டும் போதுமா என்ன?
ஜேபுவுக்கு முப்பத்தெட்டில் சர்க்கரை.
வெள்ளிக்கிழமைகளில் என் சமையல்மேடையில்
அவள் ஊசியும் என் கால்சியம் டப்பாவும்
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்.
"உன்னுடையது பசி, என்னுடையது பிஸ்கட்" என்பாள்
இன்னொரு பிஸ்கட்டை எடுத்தபடி.

முடிவு வந்தது.
"உங்களுக்கு ஐம்பத்தெட்டு.
எலும்புக்கு எழுபத்தைந்து சொல்லலாம்" என்றார் டாக்டர்.
சிரித்துவிட்டேன்.
அதிர்ச்சி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.
அன்றைக்கு மூன்றைக் குறைத்தீர்கள்,
இன்றைக்குப் பதினேழைக் கூட்டுகிறீர்கள்.
என் வயதைச் சரியாகச் சொன்னவள்
முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தவள் மட்டும்தான்.

படிவத்தில் இன்னும் சில கேள்விகள் பாக்கி.
சிகரெட் உண்டா? இல்லை.
வெயிலில் நிற்பதுண்டா?
ஜன்னலைக் காட்டினேன்.
பெற்றோரில் யாருக்காவது
இடுப்பு எலும்பு முறிந்ததுண்டா?

உண்டு. அப்பாவுக்கு.
மசூதிப் படியில், கடைசி வருஷத்தில்.

"அப்படியானால் இது அவரிடமிருந்து
வந்ததாகவும் இருக்கலாம்" என்றார்,
கட்டத்தில் டிக் போட்டபடி.

எனக்கு அந்தத் தாளின் பிரதி ஒன்று வேண்டும் என்றேன்.
எதற்கு என்றார்.

அம்மா இன்னும் இருக்கிறாள் டாக்டர்.
கண்தான் மங்கல்.
கட்டத்தைக் கொஞ்சம்
பெரிதாக்கிக் கொடுங்கள்.