க்ளாபர்

"கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், ஐயா,
க்ளாபர்! மொத்தமும்!
இந்த ஜாப் க்ராப்ட்ரீயின் வேலை" என்றான்
சாயப்பட்டறைக் கூலி கிளெம் ஆர்மிடேஜ்.

ஹாலிஃபாக்ஸ் நீதிமன்றம். ஐம்பத்துமூன்று, செப்டம்பர்.
ஈரக் கம்பளி நாற்றம்.
நீதிபதி போர்க்காலத்தில் விமானம் ஓட்டியவர்.
அவருடைய படையில் அந்தச் சொல்லுக்கு
நையப் புடைத்தல் என்று பொருள்.
மூக்குக் கண்ணாடியை இறக்கி
பரிவோடு கேட்டார்: "எத்தனை?"

"ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு கோட்டு.
காலுறையில் ஒன்றுதான் போனது."

"அதைக் கேட்கவில்லை. எங்கே?"

"கால்வாய்க் கரையில்."

"உடம்பில் எங்கே?"

"உடம்பில் இல்லையே ஐயா,
அதனால்தானே வழக்கு."

சிரித்த கூட்டத்தை மணியடித்து அடக்கினார்கள்.
துணியையும் ஆளையும்
ஒரே வினையால் துவைத்தெடுக்கும் மொழியில்
இதை எழுதுகிறேன்.
நீதிபதியைப் பார்த்துச் சிரிக்க
எனக்கு வாய் இல்லை.

அகராதி வந்தது. தடித்த இரண்டாம் தொகுதி வரவில்லை,
சிறியதுதான் வந்தது.
க்ளாபர்: உடுப்பு, பேச்சுவழக்கு.
பிறப்பு தெரியவில்லை.
அனாதை விடுதிப் பதிவேட்டில் எழுதுவதுபோல
அவ்வளவுதான் எழுதியிருந்தது.

வாசலில் நின்ற சேவகர் சைலஸ் பிக்கிள்ஸுக்கு
இன்னொன்றும் தெரியும். யாரும் கேட்கவில்லை.
முன்பு செருப்புத் தைத்தவர்.
தோல் வெடித்தால் அந்த வெடிப்பில் திணித்து
தேய்த்துப் பளபளக்கவிட்டு
புதுசென்று விற்க ஒரு கறுப்புப் பசை உண்டு.
அதற்கும் இதே பெயர்.
கூண்டில் நின்றவனின் பூட்சை
அவர் காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்:
இடது பெருவிரலருகே பசை,
வலதில் அதுவும் உதிர்ந்துவிட்டது.

முடிவில் பத்து ஷில்லிங் அபராதம்.
சட்டையும் கால்சட்டையும் அடகுக் கடைக்குப் போய்விட்டன.
கோட்டை இங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

க்ராப்ட்ரீ பொத்தான்களை அவிழ்க்க
நேரம் எடுத்துக்கொண்டான்.
கழுத்துவரை பூட்டியிருந்தது ஏனென்று
அப்போதுதான் தெரிந்தது.
உள்ளே சட்டை இல்லை.
விலாவில் பழைய நீலக் கன்றல்கள்;
இந்த வழக்கைச் சேர்ந்தவை அல்ல.

ஆர்மிடேஜ் கையை நீட்டினான்,
பிறகு எதையோ தேடுவதுபோல்
அந்தக் கையைப் பையில் விட்டுக்கொண்டான்.

சுருக்கெழுத்துக்காரி எனிட் சட்க்ளிஃப்
பென்சிலைத் தூக்கியபடி காத்திருந்தாள்.
யாரும் எதுவும் சொல்லாததால்
எதுவும் எழுதவில்லை.